யோசிக்கிற வண்டி

"நாலு நாளா பச்சைத் தண்ணி பல்லுல படல அண்ணே. நீங்களாவது வந்து ஒரு வாய் சாப்பிடச் சொல்லுங்க."

நான் அப்போது ஒரு பழைய டயரை ரிம்மிலிருந்து நெம்பிக்கொண்டிருந்தேன். லீவரைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தேன். வாசலில் நின்றவள் நிதானத்தின் மனைவி. வீட்டிலேயே லாரிகளுக்கு சீட் கவர் தைக்கிறவள். மழைக்குக் குடை எடுக்கக்கூடத் தோன்றாமல், கையில் இருந்த ரெக்ஸின் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடி வந்திருந்தாள்.

நிதானம் என்பது அவள் புருஷனுக்கு மற்ற டிரைவர்கள் வைத்த பட்டப்பெயர். இருபத்திரண்டு வருஷம் ஸ்டியரிங் பிடித்தும் ஒரு கோழிக்குஞ்சைக்கூட ஏற்றாதவர். மஞ்சள் விளக்கு எரிந்தாலே நின்றுவிடுவார். பின்னால் வருகிறவன் ஹாரனைப் பிய்த்து எறிந்தாலும் அசைய மாட்டார். அப்படிப்பட்ட மனிதர், போன திங்கட்கிழமை குடோன் மேடைக்கு லாரியைப் பின்னால் எடுக்கும்போது, பதினோரு வருஷமாகத் தன்னோடு வரும் லோடுமேனை மேடையோடு சேர்த்து நசுக்கிவிட்டார். உயிருக்கு ஆபத்து இல்லை. வலது காலை முட்டிக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

அவள் பின்னாலேயே போனேன். முன்னறை முழுக்கத் தைத்ததும் தைக்காததுமாக சீட் கவர்கள். தையல் மெஷினில் ஊசி பாதித் தையலில் நின்றிருந்தது. உள்ளறையில் கட்டில் விளிம்பில் நிதானம் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மூடி வைத்த தட்டு. வலது பாதத்தைத் தரையில் வைத்து மெல்ல அழுத்துவதும் தூக்குவதுமாக இருந்தார். என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"தப்பு என் கால்ல இல்ல டயரு." டயர் கடை வைத்திருப்பதால் எல்லாருக்கும் நான் டயரு.

"சரி, முதல்ல சாப்பிடு."

"சும்மா சரி சரின்னு சொல்லாத. வண்டி யோசிச்சுது. ஏத்தத்துல பாதியில நின்னுடுச்சு. நான் கொஞ்சம் கூட மிதிச்சேன். அப்பவும் யோசிச்சுது. அப்புறம் திடீர்னு பாஞ்சுது. பிரேக்குக்குக் கால் போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு."

"போலீஸ்ல சொன்னியா?"

"சொன்னேன். இடிக்கிறவன் எல்லாரும் இதைத்தான்யா சொல்றான்னு எழுதிக்கிட்டாங்க. பரவாயில்ல. நாளன்னைக்கு பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து வண்டியை ஓட்டிப் பாக்கப் போறாரு. அவர் ஓட்டும்போதும் பாயும். அப்ப தெரியும் தப்பு எங்கேன்னு. தெரிஞ்சப்புறம் சாப்பிடறேன்."

அவ்வளவுதான். மனிதர் தன் உயிரையே அந்த ஒரு ஓட்டத்தில் கொண்டுபோய் மாட்டிவிட்டார். லைசென்ஸ் போகும், பிழைப்பு போகும் என்ற பயமெல்லாம் அவர் மனைவிக்குத்தான். அவருக்கு வேண்டியது ஒன்றுதான். ஒல்லியின் காலை எடுத்தது தன் கால் இல்லை என்று யாராவது ஒருத்தர் சொல்ல வேண்டும். ஒல்லி என்பது அந்த லோடுமேன். ஆள் ஈர்க்குச்சி, முதுகில் மூட்டை ஏறினால் மட்டும் எங்கிருந்தோ பலம் வந்துவிடும்.

லாரியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது பாதி கரண்ட், பாதி பெட்ரோல். ஹைப்ரிட் என்பார்கள். கிளம்பும்போது மோட்டாரில் பூனை மாதிரி நகரும். பாரம் கூடினால் என்ஜின் தானாக எழுந்து வந்து தோள் கொடுக்கும். இரண்டும் கைகோக்க நடுவில் ஒரு கிளட்ச், அதற்குப் பின்னால் தானாக மாறிக்கொள்ளும் கியர் பாக்ஸ். யார் எப்போது இழுக்க வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். டிரைவர் காலை வைத்தால் போதும்.

காதை வைத்து வண்டி ஓட்டிப் பழகிய நிதானத்துக்கு அந்தச் சத்தமின்மை ஆகவில்லை. "என்ஜின் எப்ப வருது எப்ப போகுதுன்னே தெரியல மச்சான். பக்கத்துல படுத்திருக்கிறவ மூச்சு விடாத மாதிரி பயமா இருக்கு" என்று புலம்பினார். மச்சான் என்றால் அவர் மனைவியின் அண்ணன். என் கடைக்கு அடுத்த ஷெட்டில் மெக்கானிக். தங்கை புருஷன் ஒன்று கேட்டால் இல்லை என்று சொல்லத் தெரியாத ஆள். கம்பெனி வைத்த காற்று ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு, கூம்பு மாதிரி ஒரு திறந்த ஃபில்டரை மாட்டிவிட்டான். அதன்பிறகு என்ஜின் எழுந்தால் 'புஸ்ஸ்' என்று ஒரு இரைச்சல் உள்ளே கேட்கும். நிதானத்தின் முகத்தில் அன்றைக்கு வந்த சிரிப்பை அவர் கல்யாணத்தில்கூட நான் பார்க்கவில்லை.

அந்தக் கூம்பு பஞ்சுத்துணி சுற்றியது. சில மாதங்களுக்கு ஒருமுறை கழுவி, தூசி ஒட்டுவதற்காகத் துளி எண்ணெய் காட்ட வேண்டும். துளி என்றுதான் மெக்கானிக் சொன்னான். நிதானம் வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைக் கழற்றி, பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்டுவது போலக் கழுவி, வெயிலில் காய வைத்து, தாராளமாக எண்ணெய் விட்டு மாட்டுவார். "என்னை ஒரு நாள் இப்படிக் கவனிச்சிருந்தா நான் எங்கேயோ போயிருப்பேன்" என்று அவர் மனைவி மெஷினில் இருந்தபடியே சொல்வாள். எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாத மனிதர், என்ன செய்வது.

இரண்டு மாதம் போயிருக்கும். என் கடையில் காற்று அடிக்க வந்தவர் மெக்கானிக்கைக் கூப்பிட்டு, "வண்டி கொஞ்சம் யோசிக்குது மச்சான். ஏத்தத்துல மிதிச்சா முதல்ல கேக்க மாட்டேங்குது" என்றார்.

"ரெண்டு பொண்டாட்டிக்காரன் வீடு மாதிரிதான் மாப்ள. யார் முதல்ல எழுந்திரிக்கிறதுன்னு ஒரு தகராறு இருக்கத்தான் செய்யும். ஹைப்ரிட்னா அப்படித்தான். பழகிடும்."

நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். பின்னால் மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்த ஒல்லியும் சிரித்தான்.

விபத்துக்குப் பிறகு குடோன்காரர்கள் வண்டியை உள்ளே வைத்துக்கொள்ள மாட்டோம் என்றுவிட்டார்கள். இன்ஸ்பெக்டர் வரும்வரை மெக்கானிக்கின் ஷெட்டில் நிற்கட்டும் என்று போலீஸும் விட்டுவிட்டது. நான் நிதானத்தைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள் காலை, மழை சற்று ஓய்ந்திருந்தது. மெக்கானிக் பலகை அடுக்கிலிருந்து ஒரு கறுப்புப் பெட்டியை இறக்கித் தூசி தட்டிக்கொண்டிருந்தான். கம்பெனி ஃபில்டர் பெட்டி. அதன்மேல் சாக்பீஸில் நிதானத்தின் வண்டி நம்பர்.

இந்த வேலையில் இருக்கிற எல்லாருக்கும் இது தெரியும். எந்த வண்டிக்கு வெளிச்சாமான் மாட்டினாலும் கழற்றியதைத் தூக்கிப் போட மாட்டார்கள். நம்பர் எழுதி அடுக்கில் வைப்பார்கள். வண்டி ஆய்வுக்குப் போவதற்கு முந்தின நாள் பழையதை மாட்டி, கம்ப்யூட்டரில் பதிந்திருக்கும் பழைய குறிப்புகளை அழித்து, பொண்ணு பார்க்க வருகிறவர்கள் முன்னால் நிறுத்துகிற மாதிரி நிறுத்துவார்கள். ஆய்வு முடிந்ததும் மறுபடி மாற்றிக்கொள்வார்கள். யாருக்கும் இதில் குற்ற உணர்ச்சி இருந்ததில்லை.

"டயரு, இந்த கிளாம்பைக் கொஞ்சம் பிடி" என்றான். பிடித்தேன்.

"நிதானத்துக்கிட்ட சொல்லிட்டியா?"

"எதுக்கு? அவர் இருக்கிற இருப்புல இதை வேற சொல்லணுமா? கம்பெனி மாட்டாத சாமானைப் பாத்தாங்கன்னா அது ஒண்ணு போதும், லைசென்ஸைப் பிடுங்கிடுவாங்க." கூம்பைக் கழற்றினான். உள்ளே குழாயில் காற்றை அளக்கும் சென்சார் ஒன்று இருக்கிறது. அதைச் சுழற்றி எடுத்து, ஸ்ப்ரே அடித்து, துணியால் சுற்றிலும் துடைத்தான். துணி கருத்தது. "எவ்வளவு எண்ணெய் பாரு. அவர் கையே அப்படி."

"அவர் சொல்றாரே, வண்டி யோசிச்சுதுன்னு."

மெக்கானிக் குரலைத் தாழ்த்தினான். "டயரு, உன்கிட்ட சொல்றதுக்கென்ன. இருபத்திரண்டு வருஷத்துல ஒரு நாள் எவனுக்கும் கால் தடுமாறும். மாப்ளக்கும் தடுமாறிடுச்சு. அதை ஒத்துக்க மனசு வரல. நான் அவரைக் குத்தம் சொல்லல. ஆனா இந்தச் சாமானும் சேந்து அவரைக் கவுத்துடக் கூடாது இல்ல?"

துணியை மூலையில் இருந்த தகர டப்பாவில் போட்டான். ஸ்கேனரைச் சொருகிப் பழைய குறிப்புகளை அழித்தான். நானும் அது நல்ல காரியம் என்றுதான் நினைத்தேன். அதை மறைத்து எனக்கு ஆகப் போவது ஒன்றுமில்லை.

இன்ஸ்பெக்டர் மறுநாள் பத்து மணிக்கு வந்தார். கத்துவார், மிரட்டுவார் என்று நினைத்திருந்தோம். வந்தவர் மெல்லிய குரலில் பேசுகிற, செருப்பில் சேறு படாமல் பார்த்துப் பார்த்து நடக்கிற மனிதர். விபத்தன்று இருந்த அதே பாரம் வேண்டும் என்றார். ஆள் வைத்து மூட்டைகளை ஏற்றினோம். ஷெட்டுக்கு ஏறுகிற சரிவு குடோன் மேடைச் சரிவு மாதிரியே இருக்கிறது, அதிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்றார். நிதானமும் அவர் மனைவியும் என் கடை ஓரமாக நின்றார்கள். அவர் முகம் சவரம் செய்து, துவைத்த சட்டை போட்டு, பரீட்சை முடிவு பார்க்க வந்தவர் போல இருந்தார்.

இன்ஸ்பெக்டர் பின்னால் எடுத்தார். லாரி சத்தமில்லாமல் நகர்ந்தது, சரிவில் ஏறியது, என்ஜின் எழுந்தது, கை மாறியதே தெரியவில்லை. மேலே வந்து நின்றது. இறக்கினார். மறுபடி ஏற்றினார். நிறுத்தி நிறுத்தி மிதித்தார், ஒரேயடியாகவும் மிதித்தார். மூன்று தடவையும் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி ஏறியது.

"நீங்க ஓட்டுங்க" என்றார் நிதானத்தைப் பார்த்து.

நிதானம் ஏறி உட்கார்ந்தார். முதல் தடவை. சரியாக ஏறியது. இரண்டாவது தடவை. மூன்றாவது தடவை அவர் வேண்டுமென்றே பாதியில் நிறுத்தி, அன்றைக்கு மிதித்த மாதிரியே மிதித்தார் என்று நினைக்கிறேன், ஏனென்றால் கண்ணாடி வழியாக அவர் கண்ணை மூடிக்கொண்டிருப்பது தெரிந்தது. லாரி தயங்கவே இல்லை. மேலே வந்து நின்றதும் என்ஜினை அணைத்தார். இறங்கவில்லை. குனிந்து தன் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை நான் பார்த்திருக்கக் கூடாது.

"வண்டி நல்லாத்தான் இருக்கு" என்று இன்ஸ்பெக்டர் எழுத ஆரம்பித்தார்.

என் பக்கத்தில் நின்ற மெக்கானிக்கின் கை என் தோளைப் பிடித்தது. விரல் உள்ளே இறங்குகிற மாதிரி பிடித்தான்.

"டயரு... நேத்து வரைக்கும் இது இப்படி இல்ல."

"என்ன சொல்ற?"

"அவர் அன்னைக்கு உன் கடையில வெச்சு சொன்னாரே. அது நிஜம். காத்தை அளக்கிற சென்சார் கம்பில எண்ணெய் படிஞ்சிருக்கு. காத்து நிறைய போனாலும் கொஞ்சம்தான் போகுதுன்னு அது சொல்லியிருக்கும். கம்ப்யூட்டர் அதை நம்பி, என்ஜினுக்கு பலம் இல்லைன்னு நினைச்சு, கிளட்சை அரைகுறையா பிடிச்சு, அப்புறம் மொத்தமா விட்டிருக்கும். பாஞ்சிருக்கும்டா. நான் அதைத் துடைச்சிட்டேன். நானே துடைச்சிட்டேன்."

சேற்றில் சறுக்கிக்கொண்டே இன்ஸ்பெக்டரிடம் ஓடினான். கூம்பைத் தூக்கிக் காட்டினான். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னான். அவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"சரி. அதை மறுபடி மாட்டுங்க. ஓட்டிப் பாத்துடுவோம்."

அவசர அவசரமாக மாட்டினான். இன்ஸ்பெக்டர் ஏற்றினார். 'புஸ்ஸ்' என்ற சத்தம் வந்தது. வண்டி அப்போதும் வெண்ணெயாகத்தான் ஏறியது.

"எண்ணெய் படியணும் சார். ரெண்டு மாசம் ஆகும்."

"ரெண்டு மாசம் நான் இங்கேயே நிக்க முடியாதுங்களே."

"இப்பவே அதுல எண்ணெயை ஊத்திக் காட்டட்டுமா?"

"நீங்க ஊத்தினா எந்த வண்டியும் கெடும். அது சாட்சி ஆகாது. கம்ப்யூட்டர்ல பழைய பதிவு ஏதாவது இருக்கா?"

"அழிச்சிட்டேன் சார்."

"துடைச்ச துணி?"

மெக்கானிக் தகர டப்பாவைக் கொண்டுவந்து கவிழ்த்தான். ஐம்பது துணியாவது இருக்கும். எல்லாம் கறுப்பு. மெக்கானிக் ஷெட்டில் வேறு என்ன நிறத்தில் துணி இருக்கும்? மண்டியிட்டு ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து பார்த்தான்.

இன்ஸ்பெக்டர் அவனையும், லாரிக்குள் உட்கார்ந்திருந்த நிதானத்தையும் பார்த்தார். "அவர் உங்களுக்கு என்ன வேணும்?"

"தங்கச்சி வீட்டுக்காரர் சார்."

"தெரியுது" என்றார். சொல்லில் கோபம் இல்லை. கொஞ்சம் இரக்கம்கூட இருந்தது. வெளிச்சாமான் மாட்டியதற்கு மெக்கானிக்கின் ஷெட் மேல் தனியாக ஒரு வரி எழுதினார், விபத்துக்குக் காரணம் ஓட்டுநரின் கவனக்குறைவு என்று இன்னொரு வரி எழுதினார், கையெழுத்துப் போட்டுவிட்டுச் சேற்றைத் தாண்டித் தாண்டிப் போய்விட்டார்.

அன்று மத்தியானம் நிதானம் சாப்பிட்டார்.

தட்டைத் தானே எடுத்து வைத்துக்கொண்டு, போட்டதையெல்லாம் சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கினார். அவர் மனைவி முதலில் சந்தோஷப்பட்டாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் ஒன்றுமே இல்லை. வழக்கு முடிந்துபோனவனின் முகம். அவள் கரண்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

மெக்கானிக் வாசல்படியில் நின்று எல்லாவற்றையும் மறுபடி சொன்னான். கம்பி, எண்ணெய், கிளட்ச். தலையில் அடித்துக்கொண்டான். "நீங்க சொன்னதுதான் மாப்ள நிஜம். நான்தான் அன்னைக்கே கேக்காம விட்டேன். சிரிச்சேன். நேத்து துடைச்சும் தொலைச்சேன். பாவி நான்தான்."

"உள்ள வாங்க மச்சான். கை கழுவிட்டு உக்காருங்க."

"நம்புங்க மாப்ள."

"ஆறு தடவை ஏறுச்சு. நான் அன்னைக்கு மிதிச்ச மாதிரியே மிதிச்சேன். ஃபில்டரை மாத்தியும் ஏறுச்சு." தட்டில் விரலை வழித்தார். "நீங்க நல்லவர். எனக்காகப் பழியைத் தூக்கி உங்க தலையில வெச்சுக்கப் பாக்கறீங்க. வேண்டாம். எனக்குத் தெரிஞ்சிடுச்சு. தெரியாம இருந்ததுதான் கஷ்டமா இருந்துச்சு."

"அண்ணன் பொய் சொல்ல மாட்டாருங்க" என்றாள் அவர் மனைவி.

"எனக்காகச் சொல்வாரு" என்றார்.

இத்தனை வருஷமாக மெக்கானிக் அவருக்குச் செய்த ஒவ்வொரு நல்லதும் இப்போது அவனுக்கு எதிராகச் சாட்சி சொன்னது. அவள் போய் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள், பாதித் தையலில் நின்ற ஊசியைத் தூக்கவும் இல்லை, ஓட்டவும் இல்லை. மெக்கானிக் வாசலிலேயே குந்திக்கொண்டான். வெளியே மறுபடி தூறல் பிடித்தது.

மறுநாள் காலை நிதானம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றார். ஒல்லியிடம் நேரில் சொல்ல வேண்டுமாம். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. மெக்கானிக்கும் நானும் கூடப் போனோம்.

எலும்பு வார்டில் கடைசிக் கட்டில். போர்வை ஒரு பக்கம் தட்டையாக இருந்தது. ஒல்லி எங்களைப் பார்த்ததும் சிரித்தான். இப்படிச் சிரிப்பான் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"வா அண்ணே. சாப்பிடலையாமே நீ? அண்ணி வந்து அழுதுட்டுப் போச்சு. எனக்குக் கால் போனா நீ ஏன் பட்டினி கிடக்கிற?"

நிதானம் கட்டிலின் கால்மாட்டில் நின்றார்.

"பேச மாட்டியா? போலீஸ் வந்து கேட்டாங்க. அண்ணன் மேல தப்பில்ல சார், அந்தச் சனியன் பிடிச்ச வண்டி ரெண்டு மாசமா இப்படித்தான் குதிக்குதுன்னு சொன்னேன். மூட்டை மேல உக்காந்து வர்ற எனக்குத் தெரியாதா? எத்தனை தடவை தூக்கிப் போட்டிருக்கு. எழுதிக்கிட்டாங்களான்னு தெரியல. நீ மனசை விடாத அண்ணே."

மெக்கானிக் முன்னால் வந்தான். அவன் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். அவன் சொல்வதை நம்புகிற ஒருத்தன் இருக்கிறான். "மாப்ள, கேட்டீங்களா? அவனே சொல்றான்."

"இல்லடா" என்றார் நிதானம், ஒல்லியைப் பார்த்து. "இன்ஸ்பெக்டர் ஓட்டிப் பாத்தாரு. நானும் ஓட்டினேன். வண்டியில ஒரு குறையும் இல்ல. பிரேக்குன்னு நினைச்சு நான்தான் ஆக்சிலேட்டரை மிதிச்சிருக்கேன். இத்தனை நாள் வண்டி மேல பழி போட்டுக்கிட்டிருந்தேன். என்னை மன்னிச்சுடு."

ஒல்லியின் சிரிப்பு அப்படியே இருந்தது, கொஞ்ச நேரம். பிறகு போனது.

"நிஜமாவா?"

"நிஜமா."

"இல்ல ஒல்லி, கேளு, தப்பு என்னோடது, அந்த ஃபில்டர்ல..." என்று மெக்கானிக் ஆரம்பித்தான்.

"நீங்க பேசாதீங்க. அவரே சொல்றாரு இல்ல?" ஒல்லி கூரையைப் பார்த்துப் படுத்தான். குரல் சன்னமாக வந்தது. "வண்டிதான்னு நினைச்சு மனசை ஆத்தி வெச்சிருந்தேன். மிஷின் தானே, அதுக்கென்ன தெரியும்னு. ராவெல்லாம் வலிக்கும்போது அதைத்தான் சொல்லிச் சொல்லிப் படுத்துக்கிட்டேன். பதினோரு வருஷம் உன் பின்னால நின்னு, வரட்டும் வரட்டும்னு கை காட்டியிருக்கேன். ஒரு நாள்கூட நகர்ந்து நிக்கணும்னு தோணல. உன் கால் மேல அவ்வளவு நம்பிக்கை."

"ஒல்லி..."

"போ அண்ணே. எனக்கு உன்னைப் பாக்க முடியல."

சுவர்ப் பக்கம் திரும்ப முயன்றான். அவனால் தனியாகத் திரும்ப முடியவில்லை. நிதானம் உதவிக்குக் கை நீட்டினார். ஒல்லி அந்தக் கையைத் தட்டிவிட்டான்.

கட்டுப் பிரிக்க நர்ஸ் தள்ளுவண்டியோடு வந்தாள். கட்டிலைச் சுற்றி நின்ற எங்கள் மூன்று பேரையும் பார்த்துவிட்டு, "ஒருத்தர் மட்டும் இருங்க, மத்தவங்க வெளிய போங்க. இவருக்கு நீங்க யாரு?" என்று நிதானத்தைக் கேட்டாள்.

"இவரை இடிச்சவன்" என்றார் அவர்.

மெக்கானிக் வாயைத் திறந்தான். சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்த ஒல்லியைப் பார்த்தான். மூடிக்கொண்டான். நாங்கள் மூன்று பேரும் வெளியே வந்தோம்.